இரட்சிப்பை இழந்துபோக முடியுமா: எந்தப் பதிலைப் பிடித்துக்கொள்வது?

எனக்கு ஒன்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது, அம்மாவைக் காணோம். இரண்டு முறை கூப்பிட்டேன், பதில் இல்லை. வேறு பிள்ளையாக இருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருக்கும். எனக்கு வந்த நினைப்பு, இரகசிய வருகை, அதாவது கிறிஸ்து வந்து தம்முடையவர்களை மட்டும் எடுத்துக்கொண்டுபோவது, நடந்துவிட்டது, அம்மா எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டாள், நான் கைவிடப்பட்டுவிட்டேன் என்பதுதான். முந்தின நாள் வகுப்பில் சொன்ன ஒரு பொய் உடனே ஞாபகம் வந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்க மறந்துபோயிருந்தேன். அம்மா ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டாள், ஆனால் அந்த ஐந்து நிமிடம் எனக்குள் பல வருஷம் ஓடியது.

சபையில் வளர்ந்த பலருக்கும் இப்படி ஒரு நாள் இருக்கும். இந்தப் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒரு பொய், அதாவது பாவத்தைப் பற்றிய போதனை. அந்தப் பொய்யால் நான் தேவனுடைய பிள்ளை என்பது ரத்தாகிவிட்டது, அதாவது இரட்சிப்பைப் பற்றிய போதனை. அதனால் நான் விடப்பட்டேன், அதாவது கடைசிக் காலத்தைப் பற்றிய போதனை. மூன்றும் ஒரே கயிறு. கடைசி நாட்களைப் பற்றிய அட்டவணைகளை எவ்வளவு மாற்றி வரைந்தாலும் பயம் போகாது. பயம் இருப்பது நடு முடிச்சில், அதாவது இரட்சிப்பு கையை விட்டுப் போகுமா போகாதா என்பதில்.

இப்போது நான் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். சும்மா விவாதத்துக்காகக் கேட்பதும் இல்லை. இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோமோ அதன்படிதான் ராத்திரி ஜெபிக்கிறோம், பிள்ளைகளை வளர்க்கிறோம், சபையை விட்டுப் போனவரிடம் பேசுகிறோம், சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்காருகிறோம். ஆகவே நான் பார்த்த பதில்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன், எதை எடுத்துக்கொண்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாவம். இதைத் தாண்டிப் போனால் மீதியெல்லாம் ஆடும்.

பாவம் என்றால் நாம் செய்த செயல்களின் பட்டியலா, அல்லது நாம் பிறக்கும்போதே சிக்கியிருக்கும் நிலையா? 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியு என்பவர் மனுஷன் நினைத்தால் பாவமில்லாமல் வாழ முடியும், ஆதாம் நமக்கு வைத்துவிட்டுப் போனது ஒரு கெட்ட முன்மாதிரி மட்டும்தான் என்ற திசையில் போதித்தார். வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீன் அதை முழு பலத்தோடு எதிர்த்தார், 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுவின் போதனையைத் தள்ளியது. இன்றைக்குப் பெரிய சபைப் பிரிவுகள் எதுவும் பெலாகியு பக்கம் நிற்பதில்லை. ஆனால் அகுஸ்தீன் சொன்ன எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்கவும் இல்லை. ரோமர் 5:12ஐ அவர் லத்தீனில் 'அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்ற பொருளில் வாசித்தார், அதாவது ஆதாமுக்குள் நாமும் குற்றவாளிகள். நம் தமிழ் வேதாகமத்தில் 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்' என்று இருக்கிறது, கிரேக்க மூலத்தை இன்று பெரும்பாலோர் வாசிப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் கெட்டுப்போன சுபாவமும்தான், அவனுடைய குற்றப்பழி வரவில்லை என்கின்றன. 'பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்' என்ற எசேக்கியேல் 18:20ஐ நினைத்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் தெரிகிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. பாவத்தை வெறும் கணக்காக மட்டும் பார்த்தால், ஒன்பது வயதில் நான் பயந்ததுபோல, ஒரு பொய்யை மன்னிப்புக் கேட்காமல் விட்டாலே கணக்கு உதைக்கும். பாவத்தை அடிமைத்தனமாக, வியாதியாகப் பார்த்தால் இரட்சிப்பு என்பது விடுதலை, குணமாகுதல். குணமாகிக்கொண்டிருப்பவருக்கு ஒரு நாள் காய்ச்சல் திரும்பினால் வைத்தியர் அவரைத் தெருவில் தள்ளுவதில்லை. வேதம் இரண்டு விதமாகவும் பேசுகிறது, கடனும் உண்டு வியாதியும் உண்டு. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்தால் அடுத்த கேள்விக்குக் கோணலான பதில்தான் கிடைக்கும்.

சரி, பதில்களுக்கு வருகிறேன்.

ஒரு பதில்: ஒருமுறை தீர்மானம் எடுத்துவிட்டால் முடிந்தது, அப்புறம் நீ எப்படி வாழ்ந்தாலும் இரட்சிப்பு போகாது. வாழ்க்கை கெட்டால் பலன் குறையும், பரலோகம் குறையாது. இதைப் பிடித்திருப்பவர்கள் கிருபையை உயர்த்தத்தான் நினைக்கிறார்கள், அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். யோவான் 10:28 அவர்கள் கையில் இருக்கிறது: 'ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை.' ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர், தன் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் ஒரு தேதியை எழுதி வைத்திருக்கிறார், பன்னிரண்டு வயதில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் கை உயர்த்திய தேதி. தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார். யாராவது கேட்டால் அந்தத் தேதியைக் காட்டுகிறார். 'பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன' என்று யாக்கோபு எழுதியதைப் படிக்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது, பரிதாபமாக இருக்கிறது. அந்தத் தேதி அவரை மனந்திரும்ப விடாமல் தடுக்கிறது. ஒரு போதனை கடினப்பட்ட மனசாட்சிக்குத் தலையணையாக ஆகிவிடுகிறது என்றால், அதில் ஏதோ ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது.

இன்னொரு பதில்: இழக்க முடியும். விசுவாசத்தை விட்டுவிட்டால், அல்லது துணிகரமாகப் பாவத்திலேயே நிலைத்துவிட்டால், இரட்சிப்பும் போய்விடும். இதை ஆர்மினியன் போதனை என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அந்தப் பெயருக்குக் காரணமான நெதர்லாந்து இறையியலாளர் அர்மினியுஸ் தானே இவ்வளவு தூரம் போகவில்லை, உண்மையான விசுவாசி முடிவாக விழுந்துபோவான் என்று தான் போதித்ததில்லை என்றார், அதே சமயம் சில வசனங்கள் அப்படித் தோன்றுவதை மறைக்கவும் இல்லை. அவர் 1609இல் இறந்த பிறகு, 1610இல் அவரைப் பின்பற்றியவர்கள் வைத்த ஐந்து கட்டுரைகளில் ஐந்தாவதும் இந்தக் கேள்வியை இன்னும் ஆராய வேண்டியது என்றே விட்டது. தெளிவாக 'முடியும்' என்று சொன்னவர்களில் பெரிய பெயர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் சபைகள், பரிசுத்தமாகுதலை வலியுறுத்தும் சபைகள், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பகுதி இந்த வரிசையில் வருகின்றன. லூத்தரன் சபையும் இதில் இவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர், அதாவது தேவன் நீதிமானாக ஏற்றுக்கொண்டவர், பரிசுத்த ஆவியை இழக்க முடியாது என்பவர்களை 1530இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 12ஆம் கட்டுரை கண்டிக்கிறது.

இந்தப் பக்கத்துக்கு வேத ஆதாரம் வலுவாக இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. எபிரெயர் 6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரகாசிப்பிக்கப்பட்டு, பரம ஈவை ருசிபார்த்து, பரிசுத்த ஆவியைப் பெற்று, அப்புறம் மறுதலித்துப்போனவர்கள். இவர்கள் வெளியே நின்று எட்டிப்பார்த்தவர்கள் மட்டும்தான் என்று சொல்வது எனக்கு எப்போதும் கொஞ்சம் நெருடும், அந்த வார்த்தைகளின் கனம் அப்படி. 'முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்' என்று இயேசுவே சொல்கிறார். பவுலும் மற்றவர்களுக்குப் பிரசங்கித்துவிட்டுத் தான் ஆகாதவனாய்ப் போகாதபடி சரீரத்தை ஒடுக்குவதாக எழுதுகிறார். இதெல்லாம் நாடக வசனம் இல்லை.

ஆனால் இதே போதனை மென்மையான மனசாட்சிக்கு என்ன செய்கிறது என்று ஒரு படுக்கைக்குப் பக்கத்தில் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கச் சபையில் உழைத்த ஒரு பெரியவர், கடைசி வாரம், பேச்சே திணறித் திணறித்தான் வருகிறது. அவர் கேட்டது மருந்தைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ இல்லை. "நான் நிலைநின்றுட்டேனாம்மா? போதுமான அளவு நின்னுட்டேனா?" என்றார். யோவான் 10ஐ வாசித்தேன். 'ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை' என்ற இடத்தில் கையை அசைத்து நிறுத்தினார். "வேற யாரும் பறிக்க மாட்டாங்க, சரி. நானே கையை விட்டுட்டா?" என்று கேட்டார். ஐம்பது வருஷம் போதித்தவர் கேட்ட கேள்வி அது, உடனே சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் பதிலையும் இங்கே வைக்க வேண்டும், நம் சபைகளில் அதைச் சரியாகக் கேட்காமலே ஒதுக்கிவிடுகிறோம். சாவான பாவம் கடவுளோடு உள்ள அருள்வாழ்வை முறிக்கிறது. அதற்கு மூன்றும் சேர வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், தெரிந்து செய்ய வேண்டும், மனம் ஒப்பிச் செய்ய வேண்டும். அற்பப் பாவம் உறவைக் காயப்படுத்தும், முறிக்காது. முறிந்தால் ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது, குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து திரும்பலாம். சிறப்பான வெளிப்படுத்தல் இல்லாமல் ஒருவர் தன் மீட்பைத் தவறவே முடியாத விசுவாச நிச்சயத்தோடு அறிய முடியாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547இல் சொன்னது. இங்கேதான் நான் பிரிகிறேன், ஏனென்றால் 'உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படிக்கு' எழுதுகிறேன் என்று யோவான் தன் முதல் நிருபத்தில் சொல்கிறார், அறியும்படிக்கு என்றால் அறியலாம் என்றுதானே பொருள். ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிட நல்ல வழி வைத்திருக்கிறார்கள். விழுந்தவர் எங்கே போக வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், என்ன வார்த்தையைக் காதால் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். நம்மில் பலர் விழுந்துவிட்டு யாரிடமும் சொல்ல முடியாமல் வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறோம்.

நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய அடிப்படையான சில விஷயங்களில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள், 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளும் அதோடு சேர்ந்துகொண்டன. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் நானூற்றைம்பது வருஷச் சண்டைக்குப் பிறகு எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கிருபைதான் ஆரம்பம் என்று சொல்ல முடிந்தது என்பதை வகுப்பில் நான் சொல்லாமல் விடுவதில்லை.

கடைசியாக, நான் பிடித்துக்கொண்ட பதில். 1618, 1619இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் சங்கமும், 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் சொன்னது: தேவன் மறுபடி பிறப்பித்தவர்களை அவரே கடைசி வரை காக்கிறார், ஆகவே அவர்கள் கடைசி வரை விசுவாசத்தில் தொடருவார்கள். கேட்க முதல் பதில் மாதிரி இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. முதல் பதில் 'நீ எப்படி வாழ்ந்தாலும்' என்கிறது. இது 'தேவன் உன்னை அப்படியே வாழ விடமாட்டார்' என்கிறது. விழலாம், மோசமாக விழலாம், பேதுருவைப்போல மூன்று முறை மறுதலிக்கலாம். ஆனால் 'உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்' என்று விழுவதற்கு முன்னாலேயே சொன்னவர் ஒருவர் இருக்கிறார். பேதுரு திரும்பியது அந்த ஜெபத்தால்தான், பேதுருவின் உறுதி அன்றைக்குச் சேவல் கூவும் வரைகூடத் தாங்கவில்லை.

அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது எரேமியா 32:40இல், வீட்டுக்குத் திரும்பின ராத்திரி. 'அவர்கள் என்னைவிட்டு அகன்றுபோகாதபடிக்கு, எனக்குப் பயப்படும் பயத்தை அவர்கள் இருதயத்திலே வைத்து' என்று தேவன் உடன்படிக்கை செய்கிறார். நானே கையை விட்டுவிட்டால் என்ற பயத்துக்குச் சரியாக அதே இடத்தில் வாக்குத்தத்தம் இருக்கிறது. மறுநாள் போய் அதை வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு 'வைத்து' என்ற வார்த்தையை மட்டும் திரும்பச் சொன்னார்.

அப்படியானால் எபிரெயர் 6 மாதிரி எச்சரிப்புகள் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு உதவினது அப்போஸ்தலர் 27. கப்பல் புயலில் மாட்டியிருக்கிறது, உள்ளே 276 பேர். உங்களில் ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது என்று பவுல் தேவதூதன் சொன்னதை அறிவிக்கிறார். வாக்குத்தத்தம் கொடுத்தாகிவிட்டது. பிறகு கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கும்போது அதே பவுல், இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள் என்கிறார். முன்னே சொன்னது பொய்யாகிவிட்டதா? இல்லை. இந்த எச்சரிப்பைக் கேட்டுத்தான் போர்ச்சேவகர் கயிறுகளை அறுத்துப் படகைத் தாழ விழவிட்டார்கள், அதனால்தான் 276 பேரும் கரையேறினார்கள். வாக்குத்தத்தம் நிறைவேறினது எச்சரிப்பின் வழியாக. எபிரெயர் 6இலும் பயங்கரமான அந்த வசனங்களுக்குப் பின்னாலேயே, 'பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும்' இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்று ஒன்பதாம் வசனம் வருகிறது. பயமுறுத்தினவரே தோளில் கை போடுகிறார். நெருடல் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அந்த ஐந்தாறு வசனங்கள் இன்னும் எனக்குக் கனமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கேட்டுப் பயந்து கிறிஸ்துவிடம் ஓடுகிறவருக்குள் அவை செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டன என்று நினைக்கிறேன்.

இந்தப் பதிலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் நானே விழுந்திருக்கிறேன். 'உண்மையான விசுவாசி நிலைநிற்பான்' என்று சொன்னவுடனே, நான் உண்மையானவள்தானா என்று உள்ளே தோண்ட ஆரம்பிக்கிறோம். தோண்டினால் முடிவே இல்லை. வெஸ்லி 1738 மே 24 அன்று ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதின முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது தன் இருதயம் வித்தியாசமாய் அனல்கொண்டதாக எழுதினார், அதே மனுஷர் 1739 ஜனவரியில் தான் இப்போது கிறிஸ்தவனே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். உணர்ச்சியை அளந்து நிச்சயத்தைத் தேடினால் எவ்வளவு பெரிய ஆளுக்கும் இப்படித்தான் ஏறி இறங்கும். வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையே தன் 18ஆம் அதிகாரத்தில், மெய்யான விசுவாசிகூட நிச்சயத்துக்காக நெடுநாள் காத்திருந்து போராட நேரலாம், இருக்கும் நிச்சயமும் அசையலாம் குறையலாம் என்று ஒத்துக்கொள்கிறது. இங்கே நான் லூத்தரிடம் கடன் வாங்குகிறேன். சோதனை வந்தபோது அவர் தன் இருதயத்தைத் தோண்டிக்கொண்டிராமல், தன் ஞானஸ்நானத்தை, தனக்கு வெளியே நடந்துமுடிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். நானும் வகுப்பில் அதையே சொல்கிறேன்: உங்கள் விசுவாசம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், சிலுவையைப் பாருங்கள்.

இன்னொன்று, இது நம் சபைப் பேச்சு வழக்கைப் பற்றியது. "நீங்கள் இரட்சிக்கப்பட்டவரா? எந்தத் தேதியில்?" என்று கேட்டுக் கேட்டு, இரட்சிப்புக்கு இறந்தகாலம் மட்டும்தான் என்று பழகிவிட்டோம். வேதத்தில் மூன்று காலமும் இருக்கிறது. எபேசியர் 2:8இல் 'இரட்சிக்கப்பட்டீர்கள்', 1 கொரிந்தியர் 1:18இல் 'இரட்சிக்கப்படுகிற நமக்கோ', ரோமர் 5:9இல் கோபாக்கினைக்கு நீங்கலாக இனி இரட்சிக்கப்படுவது. இழக்க முடியுமா என்ற சண்டையில் பாதி, ஒருவர் இறந்தகாலத்தைப் பேசும்போது மற்றவர் எதிர்காலத்தைப் பேசுவதால் வருகிறது. எனக்குத் தேதி கிடையாது. ஒன்பது வயதுக்கும் இருபதுக்கும் நடுவில் எங்கேயோ பயம் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கையாக மாறியது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இனி கடைசிக் காலம். இதை வேகமாகக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் தப்பான பக்கம் நின்றாலும் ஆத்துமா கெட்டுப்போகாது. வெளிப்படுத்தல் 20இல் ஆறு முறை வரும் 'ஆயிரம் வருஷம்' தான் அடிப்படை. கிறிஸ்து வந்த பிறகு பூமியில் ஆயிரவருட அரசாட்சி என்பது பழைய கருத்து, 2ஆம் நூற்றாண்டிலேயே ஜஸ்டினும் இரேனியுவும் அப்படி எதிர்பார்த்தார்கள். அந்த ஆயிரம் என்பது சபையின் இந்தக் காலம் முழுவதற்கும் அடையாளம் என்பது அகுஸ்தீன் வழி. சுவிசேஷம் பரவி உலகம் செழித்து அப்புறம் அவர் வருவார் என்பது மூன்றாவது, ஜோனதன் எட்வர்ட்ஸ் அதை நம்பினார். என்னைப் பயமுறுத்திய இரகசிய வருகை, அதாவது கடைசி நாட்களில் வரும் உபத்திரவகாலத்துக்கு முன்பே சபை தனியாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனை, 1830களில் ஜான் நெல்சன் டார்பியால் உருவம் பெற்று, 1909இல் வந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புரை வேதாகமத்தால் பரவியது. இது எனக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரியும். அப்போஸ்தலர் காலத்திலிருந்து எல்லாரும் அப்படியே நம்பி வந்தார்கள் என்று நினைத்திருந்தேன். அதை நம்புகிறவர்களில் என்னைவிடப் பக்தியுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனாலும் வேதத்திலிருந்து எனக்கு அது தேறவில்லை, நான் அகுஸ்தீன் பக்கம் நிற்கிறேன். தேதி குறிப்பதை மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தள்ளுங்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் கிறிஸ்து 1844 அக்டோபர் 22 அன்று வருவார் என்று எதிர்பார்த்து ஆயிரக்கணக்கில் காத்திருந்தார்கள், சிலர் வயலை அறுக்காமலே விட்டார்கள், விடிந்தபோது அழுதார்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர ஒருவனும் அறியான் என்று அவர்கள் கையில் இருந்த அதே புத்தகத்தில்தான் இருந்தது.

நரகம் நித்திய வேதனையா, முடிவில் அழிந்துபோவதா, கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்களா என்பதும் இந்த ஒப்பீட்டில் சேரவேண்டியதுதான், ஆனால் அது தனியாக எழுதவேண்டிய அளவுக்குப் பெரியது. நான் நித்திய வேதனை என்ற பழைய பெரும்பான்மைக் கருத்தில்தான் இருக்கிறேன், மத்தேயு 25:46 என்னை அங்கே நிறுத்துகிறது. அதை யாரையும் மேடையிலிருந்து மிரட்டப் பயன்படுத்தமாட்டேன், முக்கியமாகப் பிள்ளைகளை.

எடுத்துக்கொள்ளப்படுதலுக்கு எல்லாரும் காட்டும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:17. அதற்கு அடுத்த வசனத்தை என் சின்ன வயதில் யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை: 'ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்.' தங்கள் வீட்டில் இறந்துபோனவர்களை நினைத்து அழுதுகொண்டிருந்தவர்களுக்குப் பவுல் எழுதின ஆறுதல் அது. அதை வைத்து ஒரு பிள்ளையைக் காலியான வீட்டில் நடுங்க வைத்தோம் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

உங்கள் சபை நான் பிடித்த பதிலைச் சொல்லவில்லை என்றால் அதற்காகச் சபையை விட்டு வராதீர்கள். வெஸ்லி வழி வந்த ஒரு நல்ல சபை, விழுந்தவர் திரும்பி வரலாம், வரவேண்டும் என்று அழைத்துக்கொண்டே இருக்கும், வெஸ்லியும் அப்படித் திரும்பினவர்களைத் தான் கண்டதாகவே சொன்னார். தேதியைக் காட்டித் தூங்கவைக்கிற சபையைவிட அது எவ்வளவோ மேல். வாரத்துக்கு ஒருமுறை இரட்சிப்பு போய்வருவதுபோலப் போதிக்கிற இடமாக இருந்தால் மட்டும், அங்கே உங்கள் பிள்ளைகள் ராத்திரி எப்படித் தூங்குகிறார்கள் என்று கவனித்துவிட்டு முடிவு எடுங்கள்.

போன குழுவில் இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரு பெண் எல்லாரும் போகும்வரை காத்திருந்தாள். "அக்கா, அப்போ என் அண்ணன்?" என்றாள். அவன் ஒருகாலத்தில் அவளுக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தவன், மூன்று வருஷமாகச் சபைப் பக்கமே வருவதில்லை, விசுவாசமே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறான். நம்மைவிட்டுப் பிரிந்துபோனவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை என்று யோவான் எழுதுகிறார், அது அவனைப் பற்றியதா என்று எனக்குத் தெரியாது. தூரதேசத்துக்குப் போன குமாரனும் போயிருந்த நாளில் பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருப்பான், அவன் எந்தக் கதையில் இருக்கிறான் என்று இப்போது சொல்ல யாராலும் முடியாது. இதைத்தான் அவளிடம் சொன்னேன், கூட எரேமியா வசனத்தையும் எழுதிக் கொடுத்தேன், அவனுக்காக ஜெபிக்கும்போது தேவனிடம் அதைக் காட்டிக் கேள் என்றேன். அன்று சாயங்காலமே அவனுக்குப் போன் செய்தாளாம். அவன் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.